தூத்துக்குடி மின்கார் எப்போது கைக்கு வரும்? பெங்களூரில் காத்திருப்போர் கேட்கும் கேள்விகள்

தூத்துக்குடி சிப்காட்டில் வியட்நாம் கம்பெனியான வின்ஃபாஸ்டின் மின்கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் 4-ஆம் தேதி திறக்கப்பட்டது. அதிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி, சந்தாபுரா பக்கத்துத் தமிழர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு மின்காரில்தான் போய் நிற்கிறது. "நம்ம ஊர்க் கார்" என்ற பாசம் ஒரு பக்கம், "எப்பதான் வரும்?" என்ற எரிச்சல் ஒரு பக்கம். நான் கார் கம்பெனிக்காரன் இல்லை. ஓசூரில் உதிரிபாகங்களின் தரம் பார்க்கும் வேலை. அதனால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவைப்பது சுலபம் என்று தோன்றியது. பெரும்பாலான பதில்கள் எந்தப் புதுத் தொழிற்சாலைக்கும் பொருந்தும். அதனால் மற்ற கம்பெனிகளின் உதாரணங்களையும் சேர்த்திருக்கிறேன்.

தொழிற்சாலைதான் திறந்தாச்சே, அப்புறம் கார் வர ஏன் இத்தனை நாள்?

ரிப்பன் வெட்டுவது ஒரு நாள் வேலை. லைன் ஓடிப் பழகுவதற்கு மாதங்கள் ஆகும். புதுத் தொழிற்சாலையில் முதலில் வெளியே வரும் கார்கள் சோதனைக்கும், ஷோரூம் காட்சிக்கும், டெஸ்ட் டிரைவுக்கும் போய்விடும். பாடி ஷாப்பில் ரோபோக்கள் பற்றவைக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் கதவு சரியாகச் சேராது. பெயின்ட் ஷாப்பில் கொஞ்சம் தூசி படிந்தால் அந்த பேனலுக்கு மறுவேலை. சப்ளையர் அனுப்பும் ஒவ்வொரு பாகமும் "இந்த அளவில், இந்தத் தரத்தில் தொடர்ந்து தருவேன்" என்று நிரூபித்து ஒப்புதல் வாங்கியாக வேண்டும். என் வேலையே அதுதான் என்பதால் சொல்கிறேன், அந்த ஒப்புதல் காகிதம் ஒன்று வராமல் லைன் காத்து நிற்பதெல்லாம் இந்தத் தொழிலில் சகஜம்.

ஏற்கெனவே கார் தயாரித்துக்கொண்டிருந்த கட்டடத்துக்கே இந்த நிலைமை உண்டு. சானந்தில் ஃபோர்டு நடத்திய தொழிற்சாலையை டாடா 2023 ஜனவரியில் கைக்கு எடுத்தது. அங்கிருந்து டாடா கார் வெளிவர ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. தூத்துக்குடியில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, ஒன்றரை வருடத்துக்குள் திறந்தே விட்டார்கள். அந்த வேகத்தைப் பார்த்துவிட்டு டெலிவரியும் அதே வேகத்தில் வரும் என்று கணக்குப் போட்டவர்கள்தான் இப்போது அதிகம் புலம்புகிறார்கள்.

வருஷத்துக்கு 50,000 கார் என்றார்களே, அப்படியென்றால் மாதம் நாலாயிரம் வரவேண்டாமா?

50,000 என்பது ஆரம்பக் கட்டத்துக்கான திறன். பின்னாளில் 1,50,000 வரை கூட்டலாம் என்றும் அறிவித்திருக்கிறார்கள். திறன் என்றால், எல்லா ஷிஃப்டும் ஓடி, எல்லாப் பாகமும் வந்து, ஆட்களும் பழகியிருந்தால் எவ்வளவு முடியும் என்பதற்கான மேல்வரம்பு. 300 வேலைநாள், தினம் இரண்டு ஷிஃப்ட் என்று வைத்தால், ஆறு நிமிடத்துக்கு ஒரு கார் லைனைவிட்டு இறங்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த பையன்கள் அந்த வேகத்துக்கு வருவது படிப்படியாகத்தான். தொடக்கத்தில் ஒரு ஷிஃப்ட் ஓட்டுவார்கள், குறை தெரிந்தால் நிறுத்திச் சரிசெய்வார்கள், அப்புறம்தான் வேகம் கூடும்.

இன்னொன்று, அதிகமாகத் தயாரித்து நிறுத்திவைக்க எந்தக் கம்பெனியும் விரும்பாது. ஆகவே திறனைப் பன்னிரண்டால் வகுத்து உங்கள் முறையைக் கணக்கிடாதீர்கள்.

இந்தக் கார் முழுக்க தூத்துக்குடியிலேயே செய்ததா?

தொடக்கக் கட்டத்தில் இல்லை. பாகத் தொகுப்புகளை இறக்குமதி செய்து இங்கே பொருத்திச் சேர்க்கிறார்கள். இந்தியாவில் புதிதாக நுழைகிற கம்பெனிகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வந்தன. உள்ளூர் சப்ளையர்கள் ஒவ்வொருவராகச் சேரச் சேர உள்ளூர்ப் பங்கு கூடும்.

காத்திருப்பவருக்கு இதில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் உண்டு. பாகம் கப்பலில் வருகிறது என்றால் எந்த வேரியன்ட், எந்த நிறம் எத்தனை வேண்டும் என்பதைப் பல வாரங்களுக்கு முன்பே முடிவு செய்திருப்பார்கள். இன்று நீங்கள் நிறத்தை மாற்றினால், அது அடுத்த கப்பலின் கணக்கில்தான் சேரும்.

21,000 கட்டி புக் பண்ணிட்டேன். என் இடம் உறுதிதானே?

வின்ஃபாஸ்டின் விஎஃப் 6, விஎஃப் 7 மாடல்கள் இரண்டுக்கும் 2025 ஜூலை 15 அன்று முன்பதிவு தொடங்கியபோது வாங்கிய தொகை அது. திருப்பித் தரக்கூடியது என்று சொல்லியே வாங்கினார்கள். விலையை அறிவித்தது செப்டம்பர் 6-இல்: விஎஃப் 6 எக்ஸ்-ஷோரூம் 16.49 லட்சத்திலிருந்து, விஎஃப் 7 20.89 லட்சத்திலிருந்து. அதாவது முதலில் புக் செய்தவர்கள் விலை தெரியாமலேயே பணம் கட்டினார்கள். அப்படிக் கட்டும் பணத்தால் உங்கள் விருப்பம் பதிவாகிறது. ஒரு குறிப்பிட்ட கார் உங்கள் பெயருக்கு வந்துவிட்டதாக அதற்குப் பொருள் கிடையாது. எந்தக் கம்பெனியின் புக்கிங்கானாலும் இதே கதைதான்.

வரிசை என்பதும் ஒரே வரிசை அல்ல. ஊர், டீலர், மாடல், வேரியன்ட், நிறம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை. "எனக்கு முன்னால் எத்தனை பேர்?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. "இதே வேரியன்ட், இதே நிறத்தில் இந்த டீலரிடம் எத்தனை பேர்?" என்று கேளுங்கள், ஓரளவு உருப்படியான பதில் வரும்.

எனக்கு அப்புறம் புக் பண்ணின ஆபீஸ் நண்பருக்கு முதல்ல வந்துடுச்சு. இது என்ன நியாயம்?

முந்தைய பதிலில் சொன்ன தனித்தனி வரிசைதான் காரணமாக இருக்கும். பெரும்பாலும் அவர் எடுத்தது விலை கூடிய வேரியன்டாக இருக்கும். மஹிந்திரா இதை வெளிப்படையாகவே செய்தது. பிஇ 6, எக்ஸ்இவி 9இ மின்கார்கள் இரண்டுக்கும் 2025 பிப்ரவரி 14-இல் புக்கிங் திறந்தபோது முதல் நாளிலேயே 30,179 பேர் பதிந்தார்கள். அவர்களில் 73% பேர் உச்ச வேரியன்டான பேக் த்ரீயைக் கேட்டிருந்தார்கள். டெலிவரியும் மார்ச்சில் அதற்குத்தான் தொடங்கியது. அடிப்படை வேரியன்டான பேக் ஒன்னுக்கு ஆகஸ்ட் என்று முன்பே அட்டவணை போட்டுவிட்டார்கள். புனே அருகே சாகன் தொழிற்சாலையில் எல்லாமே ஒரே லைனில்தான் ஓடின. வேரியன்டைப் பொறுத்து ஐந்து மாத வித்தியாசம்!

கம்பெனி பக்கமிருந்து பார்த்தால் இதில் தப்பில்லை. புது லைனில் ஒரே வகைக் காரைத் தொடர்ந்து ஓட்டினால் குறை குறையும், அதிக விலைக் காரில் லாபமும் முதலில் வரும். ஆனால் அதை மஹிந்திரா போல முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் "வரிசைப்படிதான் சார்" என்று எல்லாரிடமும் ஒரே பாட்டைப் பாடுவதுதான் எனக்கு ஆகாது.

டீலர் ஒவ்வொரு வாரமும் "அடுத்த வாரம்" என்கிறார். எதை வைத்து நம்புவது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதில் இதுதான். சேஸிஸ் எண் (காரின் சட்டகத்தில் பொறித்த அடையாள எண்) உங்கள் பெயருக்கு ஒதுக்கப்படும்வரை எந்தத் தேதியும் தேதி அல்ல. சேல்ஸ்மேன் கெட்டவர் என்பதற்காகச் சொல்லவில்லை. அவருக்கு மேலிருந்து வருவது அந்த மாதம் எத்தனை கார் வரக்கூடும் என்ற உத்தேசம் மட்டுமே. அதைத்தான் அவர் உங்களிடம் தேதியாக மாற்றிச் சொல்கிறார்.

தொழிற்சாலை காருக்கு இன்வாய்ஸ் போட்டு அனுப்பிய பிறகு அந்தக் காருக்கு எழுத்தும் எண்ணும் கலந்த 17 இடச் சேஸிஸ் எண் டீலரின் கணக்கில் தெரியும். அதை உங்கள் புக்கிங்கோடு இணைப்பதுதான் அலாட்மென்ட். "எனக்கு அலாட் ஆகிவிட்டதா? ஆகியிருந்தால் சேஸிஸ் எண்ணை மெசேஜில் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். எண் வந்தால் நாட்களை எண்ணத் தொடங்கலாம். வராவிட்டால் வேறு வேலை பாருங்கள். தூத்துக்குடியிலிருந்து மதுரை, சேலம், கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூர் சுமார் 600 கிலோமீட்டர். கார் ஏற்றும் டிரெய்லருக்கு அது பெரிய தூரம் இல்லை. டிரெய்லர் நிறைவதற்கும், டீலர் யார்டில் இறக்கிச் சோதிப்பதற்கும், பதிவுக்கும்தான் நாள் பிடிக்கும்.

ஏற்றுமதிக்கு முதலில் அனுப்பிவிட்டு நமக்கு மிச்சத்தைத் தருகிறார்களா?

மிச்சம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஏற்றுமதிக்கு முன்னுரிமை தருவது நடக்கும். குஜராத்தின் ஹன்சல்பூரில் மாருதியின் மின்காரான இ-விட்டாராவை 2025 ஆகஸ்ட் 26-இல் பிரதமர் கொடியசைத்து அனுப்பிவைத்தார். கார்கள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. அந்த ஆண்டு முடியும்வரை நம் ஊர் ஷோரூமில் அது விற்பனைக்கு வரவில்லை. தூத்துக்குடித் தொழிற்சாலையையும் தெற்காசியா, மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கச் சந்தைகளுக்கான தளமாக்குவதாகத்தான் கம்பெனி சொல்லியிருக்கிறது. துறைமுகம் பக்கத்திலேயே இருக்கும் இடத்தைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. உள்ளே பாகம் வருவதற்கும் வெளியே கார் போவதற்கும் அதே வசதி.

காந்தம் கிடைக்கவில்லை, அதான் தாமதம் என்கிறார் சேல்ஸ்மேன். கதை விடுகிறாரா?

முழுக்கக் கதை என்று தள்ள முடியாது. பெரும்பாலான மின்கார் மோட்டார்களில் இருப்பது நியோடிமியம் காந்தம். மோட்டார் சூட்டில் அது வலுவிழக்காமல் இருக்க டிஸ்ப்ரோசியம், டெர்பியம் போன்ற அரிய தனிமங்களைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். 2025 ஏப்ரலில் சீனா இவை உட்பட ஏழு அரிய தனிமங்களுக்கும், அவற்றைக் கொண்ட காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்று அறிவித்தது. உலகம் முழுக்கத் தட்டுப்பாடு வந்தது, இந்திய வண்டிக் கம்பெனிகளும் உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது.

ஆனால் ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. காந்தம்தான் பிரச்சினை என்றால் அந்த மாடலின் எல்லா நிறமும் தாமதமாக வேண்டும். "வெள்ளை உடனே இருக்கு சார், நீங்க கேட்ட சிவப்புக்குத்தான் காந்தம் வரல" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

காத்திருக்கும்போது விலையோ வரியோ ஏறினால் யார் தலையில்?

பெரும்பாலான புக்கிங் படிவங்களில் "டெலிவரி அன்றைய விலையே பொருந்தும்" என்று ஒரு வாசகம் இருக்கும். அறிமுக விலை முதல் இத்தனை பேருக்கு அல்லது இந்தத் தேதி வரை என்று எழுத்தில் இருந்தால்தான் உங்களுக்குப் பிடிமானம். வரியோ எப்போதும் உங்கள் தலையில்தான். ஜிஎஸ்டியில் மின்காருக்கு 5% மட்டுமே. 2025 செப்டம்பர் 22-இல் மற்றக் கார்களின் விகிதங்கள் மாறியபோதும் இது மாறவில்லை. சாலை வரி மாநிலத்தின் கையில். கர்நாடகத்தில் 2024 மார்ச்சில் 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்கார்களுக்கு 10% ஆயுள்வரி கொண்டுவந்தார்கள். இந்த வரிகள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறக்கூடியவை. புக் செய்த நாளின் வரியை யாரும் பார்க்க மாட்டார்கள், பதிவு நாளின் வரிதான் கணக்கு. ஆகவே மார்ச் கடைசியில் அலாட்மென்ட் வந்தால் பதிவை ஏப்ரலுக்குத் தள்ளாதீர்கள்.

பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு டீலர் 1% டிசிஎஸ் (விற்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பார். அது வருமான வரிக் கணக்கில் திரும்ப வரும், அதை விலையேற்றம் என்று எண்ண வேண்டாம். "ஹேண்ட்லிங் சார்ஜ்" என்று ஒரு தொகை பில்லில் தெரிந்தால் எடுக்கச் சொல்லுங்கள். இன்சூரன்ஸும் ஷோரூமிலேயே எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

லோன் சாங்ஷன் ஆகிவிட்டது. பணத்தை முன்னாடியே கட்டினால் சீக்கிரம் தருவார்களா?

தரமாட்டார்கள். வங்கி பணத்தை விடுவித்த நாளிலிருந்து வட்டி ஓடும், கார் வந்ததா இல்லையா என்று அது பார்க்காது. மேலே சொன்ன சேஸிஸ் எண் கைக்கு வரும்வரை டிஸ்பர்ஸ் செய்யச் சொல்லாதீர்கள். எத்தனை டீலர் கெஞ்சினாலும், மாதக் கடைசி டார்கெட் என்று அழுதாலும் சரி. சாங்ஷன் கடிதத்துக்குக் காலாவதித் தேதி உண்டு. அது தாண்டினால் வட்டி விகிதம் மாறக்கூடும், வங்கியிடம் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

மின்கார் லோன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை கழிவு கிடைக்கும் என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த 80இஇபி பிரிவு 2023 மார்ச் 31-க்குள் சாங்ஷன் ஆன கடன்களுக்கு மட்டும்தான்.

ஓசூரில் புக் பண்ணினால் சீக்கிரம் கிடைக்குமா? தமிழ்நாட்டுக் கார்தானே?

தொழிற்சாலை இருக்கும் மாநிலத்துக்கு முதலில் என்று ஒரு சட்டமும் இல்லை. ஆனால் டீலருக்கு டீலர் வரிசை வேறு என்பதால் ஓசூரிலோ சேலத்திலோ சில சமயம் சீக்கிரம் கிடைப்பது உண்மைதான். சிக்கல் பதிவில் வரும். மோட்டார் வாகனச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் அல்லது வண்டியை வழக்கமாக நிறுத்தும் மாநிலத்தில் பதிய வேண்டும். ஊரில் அம்மா அப்பா வீட்டு முகவரியில் தமிழ்நாட்டு எண் வாங்கினாலும், வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புது எண் வாங்கியாக வேண்டும். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் விளக்கம் சொல்லும் கஷ்டம் வேறு. ஓசூரில் வாங்கி, தற்காலிகப் பதிவில் கொண்டுவந்து கர்நாடகத்தில் நிரந்தரமாகப் பதிவதுதான் நேர்வழி. அதற்கு அந்த டீலர் ஒத்துழைப்பாரா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

பிஹெச் எண் வாங்கிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே?

பிஹெச் (பாரத்) எண் என்றால் மாநிலம் மாறினாலும் மாற்ற வேண்டாத எண். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள கம்பெனி ஊழியருக்கும் அரசு ஊழியருக்கும் அது கிடைக்கும். ஐடி ஆட்கள் நிறையப் பேருக்குத் தகுதி உண்டு. ஆனால் மின்காருக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. பிஹெச் தொடரில் வரி விகிதம் மத்திய அரசு நிர்ணயித்தது. மின்வண்டிக்கு அதில் 2% சலுகை உண்டே தவிர முழு விலக்கு கிடையாது. இரண்டிரண்டு ஆண்டாக அதைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் மாநிலம் மின்காருக்குச் சாலை வரியைத் தள்ளுபடி செய்திருக்கும் காலத்தில் பிஹெச் எடுத்தால், கட்டவே வேண்டாத வரியை நீங்களே கேட்டு வாங்கிக் கட்டியதாக ஆகும். அடிக்கடி மாநிலம் மாறுகிற வேலையாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

தூத்துக்குடிக்கே போய் நேராகத் தொழிற்சாலையில் எடுத்துக்கலாமா?

முடியாது. பில், காப்பீடு, பதிவு எல்லாம் டீலர் வழியாகத்தான். திருச்செந்தூர் போகும்போது கேட் வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

முதல் பேட்ச் கார் வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும் என்கிறார் மாமனார். சரியா?

மாமனார் சொல்வதில் பாதி சரி. புது லைனின் முதல் சில மாதக் கார்களில் பேனல் இடைவெளி, ரப்பர் பீடிங் ஒலி, சாஃப்ட்வேர் கோளாறு போன்ற சில்லறைத் தொல்லைகள் கூடுதலாக இருக்கும். பேட்டரி, மோட்டார் போன்ற பெரிய பாகங்களில் அந்தப் பயம் குறைவு. பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏஐஎஸ்-038 திருத்தப்பட்ட விதிமுறை கடுமையானது, அதைத் தாண்டாமல் கார் விற்பனைக்கே வராது. வாரன்டியும் நீளம்: விஎஃப் 6-க்கு 7 ஆண்டு, விஎஃப் 7-க்கு 10 ஆண்டு என்று அறிவித்தார்கள்.

நான் பார்ப்பது வேறு. சர்வீஸ் சென்டர் உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? பாகங்கள் அங்கே இருப்பில் இருக்குமா? பம்பர் ஒன்று உடைந்து மாற்றுப் பாகத்துக்கு இரண்டு மாதம் காத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும், வேறொரு புதுக் கம்பெனிக் கார் அது. டெலிவரிக்குக் காத்திருப்பதுகூடப் பரவாயில்லை. வாங்கிய காரை ஒர்க்ஷாப்பில் விட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் கொடுமை. குடும்பத்துக்கு அது ஒரே கார் என்றால் மாமனார் பேச்சைக் கேளுங்கள்.

ஆடியில் அலாட் ஆனால் என்ன செய்வது? டிசம்பரில் வந்தால்?

பெங்களூரில் இது இரட்டைத் தொல்லை. இங்கே கன்னடக்காரர்களின் ஆஷாட மாதம் நம் ஆடிக்கு முன்பே தொடங்கிவிடும். அவர்கள் ஒதுக்கும் நாளும் நாம் ஒதுக்கும் நாளும் சேர்ந்து பெரும்பாலான ஆண்டுகளில் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஷோரூம் காற்றாடும். நம்பிக்கை இல்லாதவருக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது, வரிசை சட்டென்று நகரும். நம்பிக்கை உள்ளவர்கள் ஆடி பிறக்கும் முன்பே பில் போட்டுப் பதிந்துவிட்டு, கோயில் பூஜையை ஆவணியில் வைத்துக்கொள்கிறார்கள். ஆயுத பூஜை அன்று மட்டும் டெலிவரி கேட்காதீர்கள். அன்றைக்கு நூறு பேர் நிற்பார்கள், யாருக்கும் காரை ஒழுங்காக விளக்கிக் காட்ட மாட்டார்கள்.

டிசம்பர் கார் பற்றி: விற்கும்போது தயாரிப்பு ஆண்டைத்தான் முதலில் பார்ப்பார்கள். பெரும்பாலான கம்பெனிகளின் சேஸிஸ் எண்ணில் 10-ஆவது எழுத்து ஆண்டைக் குறிக்கும். 2025-க்கு எஸ் (S), 2026-க்கு டி (T). தயாரித்த மாதம் கம்பெனி தரும் படிவம் 22-இல் இருக்கும். ஜனவரியில் பில் போட்டாலும் டிசம்பரில் செய்த கார் பழைய ஆண்டுக் கார்தான். அதற்குத் தள்ளுபடி கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பொங்கலுக்கு ஊருக்கு இந்தக் காரில் போயிடலாமா?

சேஸிஸ் எண் மார்கழி தொடக்கத்திலேயே வந்திருந்தால் போகலாம். வண்டிக்குப் பதிவு, உயர்பாதுகாப்பு எண் பலகை, ஃபாஸ்டாக் எல்லாம் வேண்டும். சொந்த உபயோக மின்காருக்குப் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. புதுக்கார் எடுத்த மறுநாளே மதுரைக்குக் கிளம்புவதை நான் ஆதரிக்க மாட்டேன். விஎஃப் 6-க்கு அராய் (வாகனச் சோதனை அமைப்பு) சோதனையில் ஒரு முழுச் சார்ஜுக்கு 468 கிலோமீட்டர் என்று வந்தாலும், நெடுஞ்சாலையில் ஏசி போட்டு, நாலு பேரோடும் மூட்டையோடும் போகும்போது அவ்வளவு வராது. பெங்களூர் - மதுரை 430 கிலோமீட்டருக்கு மேல், வழியில் ஒரு சார்ஜிங் நிச்சயம் வேண்டும். பண்டிகைக்கு முந்தின நாள் கிருஷ்ணகிரி, சேலம் சார்ஜர்களில் கூட்டம் நிற்கும். முதலில் ஒரு சாதாரண வார இறுதியில் போய்ப் பழகிக்கொள்ளுங்கள்.

காத்திருக்கிற நாளில் உருப்படியா என்ன செய்யலாம்?

வீட்டுச் சார்ஜர் வேலையைத் தொடங்குங்கள். பெங்களூர் அபார்ட்மென்டில் கார் வருவதைவிட அசோசியேஷன் அனுமதி வரத்தான் அதிக நாள் ஆகும்! முதலில் உங்கள் பார்க்கிங் இடத்திலிருந்து மீட்டர் அறை எவ்வளவு தூரம், கேபிள் எந்த வழியாகப் போகும் என்று எலக்ட்ரீஷியனை வைத்து வரைந்துகொள்ளுங்கள். அப்புறம் இரண்டு வழி: உங்கள் வீட்டு மீட்டரிலிருந்தே இழுப்பது, அல்லது பெங்களூர் மின்விநியோக நிறுவனமான பெஸ்காமிடம் மின்வண்டிக்கென்று தனி இணைப்பு கேட்பது. வீட்டின் அனுமதிக்கப்பட்ட லோடு குறைவாக இருந்தால் முதல் வழிக்கும் லோடைக் கூட்ட வேண்டும். அசோசியேஷனிடம் வெறுங்கையோடு போனால் "தீப்பிடிக்கும்" என்று ஒருவர் எழுந்து பேசுவார். வரைபடம், பாதுகாப்பு பிரேக்கர் விவரம், எர்த்திங் எல்லாம் எழுதிக் கொண்டுபோனால் கூட்டம் சீக்கிரம் முடியும்.

7.2 கிலோவாட் சார்ஜரில் 59.6 யூனிட் பேட்டரி காலியிலிருந்து நிறைய எட்டு ஒன்பது மணி நேரம். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் தினம் ஒயிட்ஃபீல்டுக்குப் போய்வர 40 கிலோமீட்டர்தான் என்றால் ஆறேழு யூனிட் போதும், அந்த பிளக்கிலேயே இரண்டரை மணி நேரத்தில் ஏறிவிடும். சுவர்ச் சார்ஜருக்கு அனுமதி வரும்வரை இது கைகொடுக்கும்.

டெலிவரிக்கு முன்னாடி எதையெல்லாம் பார்க்கணும்?

பதிவுக்கு முன்னாலேயே பாருங்கள், பிறகு பார்த்துப் பிரயோஜனம் இல்லை. சேஸிஸ் எண் காகிதத்திலும் காரிலும் ஒன்றா, டயரில் உள்ள நான்கு இலக்கத் தேதி (முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டையும் குறிக்கும்) பொருந்துகிறதா, ஓடிய கிலோமீட்டர் எவ்வளவு, பெயின்ட் வெயிலில் பார்த்தால் சீராக இருக்கிறதா என்பது எல்லாக் காருக்கும் பொது.

மின்காருக்கு மேலும் சில. யார்டில் நெடுநாள் நின்ற காராக இருந்தால், பெரிய பேட்டரியைவிட 12 வோல்ட் சின்ன பேட்டரிதான் முதலில் சாகும். அது செத்தால் கதவே திறக்காது, பெரிய பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் பயனில்லை. அதைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். மெதுச் சார்ஜர், வேகச் சார்ஜர் இரண்டிலும் ஐந்து நிமிடம் செருகிப் பாருங்கள். சாஃப்ட்வேர் புதிய பதிப்பா என்று பாருங்கள். வீட்டுச் சார்ஜர் விலையில் சேர்ந்ததா, தனியா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

போதும்ப்பா, பணத்தைத் திருப்பிக் கொடு என்றால் கொடுப்பார்களா?

திருப்பித் தரக்கூடிய புக்கிங் என்றால் கொடுத்தாக வேண்டும். வாய்ப்பேச்சாகக் கேட்காமல் மின்னஞ்சலில் ரத்துக் கோரிக்கை அனுப்புங்கள், கம்பெனிக்கு ஒரு நகல். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் தரலாம், டீலர் ஓசூரில் இருந்தாலும் பெங்களூரில் வழக்குப் போடலாம். ஆனால் ரத்துச் செய்யும் முன் ஒன்று கேட்டுப் பாருங்கள்: வேறு நிறம், வேறு வேரியன்ட் என்றால் உடனே சேஸிஸ் எண் தர முடியுமா? பல பேருக்குக் கோபம் அங்கேயே தீர்ந்திருக்கிறது.

காத்திருக்கிறதா, இருப்பில் உள்ள வேறு மின்காரை எடுத்துடறதா?

இப்போது ஓடும் கார் நன்றாக இருந்தால் காத்திருங்கள். இரண்டு மாதத்தில் உங்களுக்கு முன் வாங்கியவர்களின் அனுபவம் இலவசமாகக் கிடைக்கும். கார் இல்லாமல் தினம் வாடகைக் காருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தால் இருப்பில் உள்ளதை எடுங்கள். சில்க் போர்டு சிக்னலில் நிற்கும்போது எந்தத் தொழிற்சாலைக் காரானாலும் ஒரே வேகம்தான். "நம்ம மாவட்டத்துக் கார்" என்ற பாசத்துக்காக மட்டும் காத்திருப்பதாக இருந்தால், ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா எலக்ட்ரிக்கும் தமிழ்நாட்டுக் கார்தான்.

பழைய காரை இப்பவே வித்துடலாமா? விலை இறங்கிட்டே போகுதே.

அலாட்மென்ட்டுக்கு முன் விற்க வேண்டாம். எக்ஸ்சேஞ்ச் போனஸ் எவ்வளவு என்று ஷோரூமில் கேளுங்கள், வெளியே கிடைக்கும் விலையையும் கேளுங்கள். விலை மாதாமாதம் இறங்குவது உண்மைதான், ஆனால் மூன்று மாத வாடகைக் கார்ச் செலவு அதைவிட அதிகம்.

விற்கும்போது பலரும் மறப்பது இன்சூரன்ஸ் நோ-க்ளெய்ம் போனஸ். அது காருக்கு அல்ல, உங்களுக்குச் சேர்ந்தது. விற்ற ஆவணத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனியிடம் தக்கவைப்புக் கடிதம் வாங்கிவிட்டால், மூன்று ஆண்டுக்குள் எடுக்கும் புதுக் காருக்கு அதைப் பயன்படுத்தலாம். ஐந்து ஆண்டு க்ளெய்ம் இல்லாதவருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50% வரை குறையும். ஷோரூமில் பாலிசி போடும் முன்பே கடிதம் கையில் இருக்க வேண்டும்.